ஆத்தாவுக்கு 24, எனக்கு 33

தேவகோட்டை அண்ணன் போன வாரம் போனில் கேட்டார்: "அந்தக் கொழுப்புப் பார்க்கிற மெஷின் வெல எறங்கியிருக்காமே. நீதான் ரெண்டு வருசமா தெனம் ஏறி எறங்குறியே, வாங்கலாமா?" சட்டென்று பதில் வரவில்லை.

அது எடை மெஷின்தான், கூடவே உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்றும் சொல்லும். எடை விஷயத்தில் குறை சொன்னால் பாவம். முதலில் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தை ஒட்டி வைத்திருந்தேன். அங்கே தரைக்குப் போட்ட ஆத்தங்குடிக் கல் கையால் வார்த்தது, லேசாக மேடு பள்ளம் இருக்கும். நாலு கல் தள்ளி வைத்தால் எடையும் கால் கிலோ தள்ளிப்போகும். உள்ளறையில் சிமெண்ட் தரைக்குக் குடியேற்றியதும் ஒழுங்காகிவிட்டது. பேட்டரிச் செலவும் பெரிதாக இல்லை.

கொழுப்புக் கணக்கில்தான் வம்பு. வெறுங்காலோடு ஏறினால் ஒரு கால் வழியாகத் துளி மின்சாரத்தை விட்டு மறு கால் வழியாக வாங்குகிறது. தசையில் தண்ணீர் அதிகம், சுலபமாகப் பாயும். கொழுப்பில் தடைபடும். அந்தத் தடையோடு நாம் பதிந்த வயது, உயரம், ஆணா பெண்ணா எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு சதவீதத்தைச் சொல்லிவிடுகிறது. கொழுப்பை அது பார்த்ததே இல்லை. காலையில் எழுந்ததும் 33 காட்டும். நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு ராத்திரி ஏறினால், நீர் காலுக்கு இறங்கியிருப்பதால் 31. இதற்குப் பழகிக்கொண்டேன். காலையில் பல் விளக்கும் முன்னால் ஒரு தடவை, அவ்வளவுதான்.

பழக முடியாதது ஒன்று உண்டு. எனக்கு 73 கிலோ, ஆத்தாவுக்கு 72. ஏறியது யார் என்று மெஷினுக்குத் தெரியாது. எடை யாருக்குக் கிட்டே வருகிறதோ அவர் கணக்கில் எழுதிவிடும். வீட்டில் என் கணக்கு ஒன்றுதான் இருந்தது. ஆத்தா ஒருநாள் சும்மா ஏறிப் பார்த்திருக்கிறார். 41 வயசு ஆண் என்று நினைத்துக்கொண்டு 24 என்றது. ஆப் எனக்கு வாழ்த்துச் சொன்னது. நானும் நம்பி அன்றைக்குக் கந்தரப்பம் இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் ஆத்தாவுக்குத் தனிக் கணக்கு போட்டு, வயசு 66, பெண் என்று பதிந்தேன். 40 வந்தது. "ஏப்பா, மொதல்ல நல்லாத்தானே சொல்லுச்சு, நீ என்னத்தையோ அமுக்கிக் கெடுத்துட்ட" என்றார். அன்றிலிருந்து இருவர் அளவும் மாறி மாறி விழுகிறது. கஸ்டமர் கேரில் நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார்கள். ஒருமுறை அதில் ஆறு மாசப் பதிவு போனது. எரிச்சலில் மெஷினைப் பரண் மேல் போட்டு, தையல்காரர் டேப்பை எடுத்தேன். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் கவனிக்கணும். ஆத்தாவுக்கும் எனக்கும் டேப் ஒருநாளும் ஆள் மாறிச் சொன்னதில்லை.

மூணே நாளில் ஆத்தா மெஷினை இறக்கித் தரச் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்கு வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். ஐயாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிற வீடு அது. அவர் தவறிக்கூட இதில் ஏறக் கூடாது. பேசி முடித்த கையோடு, அதே இறங்கின விலையில் இன்னொன்று ஆர்டர் போட்டேன், ஆத்தாவுக்கென்று தனியாக. 41 வயசு, ஆண் என்றே பதிந்து கொடுக்கப்போகிறேன்.