ஒரே வீடு, இரண்டு வரி

2025 ஜனவரியில் மூன்று வார விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து தஞ்சாவூருக்குச் சென்றது, அப்பா 1986இல் வாங்கிய வீட்டை அக்காவும் நானும் சேர்ந்து விற்பதற்காக. வில்லங்கச் சான்றை இணையத்திலேயே எடுத்துவிட்டோம். சார்பதிவாளர் அலுவலகத்திலும் டோக்கன் நேரம் கடந்து முக்கால் மணி காத்திருந்ததைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் வரியில்தான் இருந்தது.

விலை 96 லட்சம் ரூபாய், ஆளுக்குப் பாதி. வாங்குபவர் விலையில் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்டினால் போதும் என்று பத்திர எழுத்தர் அடித்துச் சொன்னார். அது உள்நாட்டில் வசிக்கும் அக்காவின் பங்குக்கு மட்டுமே பொருந்தும் என்பதை ஆடிட்டர் சொல்லித்தான் அறிந்தேன்.

2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, அந்தத் தேதியின் வழிகாட்டி மதிப்பை மிஞ்சாத அப்போதைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். எங்கள் வீட்டுக்கு அது 20 லட்சம். என் பங்கில் 10 லட்சம் போக ஆதாயம் 38 லட்சம். அதற்கு 12.5 சதவீத வரியும், அந்த வரியின் மேல் விதிக்கும் கூடுதல் தீர்வையான செஸ்ஸும் சேர்த்து 4,94,000 ரூபாய். அக்காவுக்கோ, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், பணவீக்கக் குறியீட்டின்படி அந்தப் பத்து லட்சத்தை 36.3 லட்சமாக உயர்த்தி, எஞ்சிய 11.7 லட்சத்துக்கு 20 சதவீதம் என்று கணக்கிடும் பழைய முறையும் உண்டு. செஸ்ஸுடன் 2,43,360 ரூபாய். ஒரே அப்பாவின் பிள்ளைகள், ஒரே பத்திரம். ஆனால் வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதைவிட என்னைக் கலங்க வைத்தது பிடித்தம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே பெறாவிட்டால், ஆதாயத்துக்கு அல்லாமல் முழு 48 லட்சத்துக்கும் வாங்குபவர் வரி பிடிக்க வேண்டியிருக்கிறது. சான்றிதழ் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், விமானம் ஏறுவதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். நான் விண்ணப்பிக்கவில்லை. எனவே 6,24,000 ரூபாய் போனது. அதைக் கட்டுவதற்காகவே, வரி பிடிப்பவருக்கான டான் எண்ணை வாங்க நேர்ந்த அந்த வீடு வாங்குபவரின் முகச்சுளிப்பையும் பொறுத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரில் இத்தகைய ஆதாயத்துக்கு வரியே இல்லை. ஆகவே இந்தியாவில் கட்டியதை அங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்த பின், கூடுதலாகப் பிடித்த 1,30,000 ரூபாய் செப்டம்பரில் வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கான என் கணக்குக்குத் திரும்பி வந்தது.