சைட்டோகைன் வடிகட்டும் கார்ட்ரிட்ஜ்: ஐசியுவில் பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

செப்டிக் ஷாக்கில், அதாவது கடும் தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்த நிலையில், வரும் நோயாளிகளுக்கு, அழற்சியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் சைட்டோகைன் புரதங்களை ரத்தத்திலிருந்து எடுக்கும் இந்தக் கார்ட்ரிட்ஜைப் பல ஆண்டுகளாக மாட்டி வருகிறேன். ரத்த அழுத்தத்தை நிலைநிறுத்த இது சிலருக்கு உதவுவதைப் பார்த்திருக்கிறேன். உயிரைக் காப்பாற்றும் என்று மட்டும் எந்தக் குடும்பத்தாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் பயன்படுத்துவது 300 மி.லி. உருளை. உள்ளே நுண்துளைகள் நிறைந்த பாலிமர் மணிகள். டயாலிசிஸ் சர்க்யூட்டில் ரத்தம் இதன் வழியே ஓடும்போது, சுமார் 60 கிலோடால்ட்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ள மூலக்கூறுகள் துளைக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும். அழற்சியைத் தூண்டும் சைட்டோகைனான இன்டர்லியூகின்-6 இந்த அளவுக்குள் வருகிறது. அழற்சியை அடக்கும் இன்டர்லியூகின்-10 கூட அதோடு போய்விடும். மணிகளுக்கு நல்லது கெட்டது தெரியாது.

மாட்டும்போது பொறுமை வேண்டும். உருளையைச் செங்குத்தாக நிறுத்தி, சலைனைக் கீழிருந்து மேலே விட்டு, பக்கவாட்டில் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். குமிழ் தங்கினால் அங்கே ரத்தம் உறையும். ஓடத் தொடங்கியபின் நான் கவனிப்பது கார்ட்ரிட்ஜுக்கு முன்னால் உள்ள அழுத்தம். அது மெல்ல ஏறி, மணிகளுக்கிடையே கருஞ்சிவப்புக் கோடுகளும் தெரிந்தால் உறைதல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பலன் தெரிகிற நோயாளிக்குச் சில மணி நேரத்தில், ரத்த அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கும் நார்அட்ரினலின் மருந்தின் அளவைக் குறைக்க முடியும். அந்த நேரத்தில் வார்டே கொஞ்சம் மூச்சு விடும். ஆனால் சீழ் பிடித்த இடத்தை அறுத்து வடிக்காமல் விட்டால், கொஞ்ச நேரத்தில் அந்த மருந்தின் அளவு மறுபடி ஏறிவிடும்.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. வான்கோமைசின், லினிசோலிட் போன்றவை மணிகளில் ஒட்டிக்கொள்ளும். எந்தத் தொற்றுக்காக இத்தனையும் செய்கிறோமோ, அதற்கான மருந்தே ரத்தத்தில் குறைந்துபோகும். அதனால் கார்ட்ரிட்ஜ் மாற்றும்போதெல்லாம் மருந்தின் அளவையும் நேரத்தையும் மறுபடி பார்க்கிறோம். வசதியிருந்தால் ரத்தத்தில் மருந்தளவையும் சோதிக்கிறோம்.

ஆய்வு முடிவுகளையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் எக்மோவில் (உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் கருவி) இருந்த 34 கோவிட் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. கார்ட்ரிட்ஜ் போட்ட 17 பேரில் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 3 பேர். போடாத 17 பேரில் 13 பேர். இன்டர்லியூகின்-6 அளவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் என்னை உலுக்கியது. எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சைப் பிடிக்கும் பாலிமிக்சின்-பி கார்ட்ரிட்ஜும் 2018-ல் வெளியான யூஃப்ரேட்ஸ் ஆய்வில் 28 நாள் இறப்பைக் குறைக்கவில்லை.

அதனால் இப்போது எல்லோருக்கும் போடுவதில்லை. தொற்றின் மூலத்தைக் கையாண்ட பிறகும் நார்அட்ரினலின் ஏறிக்கொண்டே போனால்தான் யோசிக்கிறோம். ஒரே உருளையை 24 மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. இரண்டாவதைப் போட்டும் மருந்தின் தேவை இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுகிறோம்.