32 மில்லிமீட்டரும் ஒரு இஞ்சும்: பவளத் தொட்டிக்குப் பம்ப் மாற்றிய இரண்டாண்டு அனுபவம்

பாறசாலையில் இருக்கும் நண்பர், தம்முடைய பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் ரிட்டர்ன் பம்பை (கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீரை மேலேற்றும் பம்பை), வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிசி பம்பாக மாற்றலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அன்று காலையில்தான் என் பம்பின் யூனியனை (பம்பையும் குழாயையும் இணைக்கும், கழற்றக்கூடிய மூட்டை) நான்காவது முறையாகக் கழற்றிப் பூட்டியிருந்தேன் என்பதால், பதில் தேவைக்கு மேல் காட்டமாக வந்துவிட்டது. கொஞ்சம் ஆறிய மனத்தோடு இப்போது எழுதுகிறேன்.

களியக்காவிளையில் என் வீட்டில் இருப்பது அடியில் சம்ப் என்னும் துணைத்தொட்டியுடன் கூடிய, சுமார் 250 லிட்டர் கொள்ளும் நான்கடித் தொட்டி. கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், பாதுகாக்கப்பட்டவையாக இருப்பதால், நான் வளர்ப்பவை மென்பவளங்களும் காளான் பவளங்களும்தான். அவற்றுக்குச் சம்ப் வழியாக மணிக்கு ஐந்தாறு சுற்று தண்ணீர் ஓடினால் போதும். ஆனால், அட்டைப்பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருந்த பழைய ஏசி பம்ப், தொட்டியின் விளிம்பில் 20 லிட்டர் வாளியை நிரப்ப 65 விநாடி எடுத்தது. கணக்குப் பார்த்தால் மணிக்கு 1100 லிட்டரைச் சற்றே தாண்டும். பம்புக்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்பெழுதி, அதைப் போல மூன்று மடங்கு விலையில் டிசி பம்ப் ஒன்றை வரவழைத்தேன்.

புதிய பம்பைப் பழைய அரை இஞ்சுக் குழாயில் மாட்டுவது வீண் என்று தெரிந்திருந்ததால், குழாயையும் மாற்ற முடிவு செய்தேன். பம்போடு வந்த யூனியனில் 32 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. வந்த பிளம்பர் வீடுகளுக்குப் போடும் ஒரு இஞ்சு வெள்ளைக் குழாயைக் கொண்டுவந்து, "ரெண்டும் ஒண்ணுதானே சாரே" என்றார். ஒன்றல்ல. அந்தக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வித்தியாசத்தை அவர் உப்புத்தாளால் தேய்த்தே சரிக்கட்டி, பசையை அள்ளிப் பூசிவிட்டார். வளைவில் வழக்கம்போலப் பித்தளைத் திரெட் வைத்த எல்போவையும் போட்டிருந்தார். பித்தளையிலுள்ள செம்பு இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு என்பதால், தண்ணீர் விடுவதற்கு முன்பே அதை அறுத்து எடுக்கச் சொன்னேன். அவர் முகம் சுளித்ததில் தவறில்லை. வீட்டுக் குழாய்க்கு அதுதான் உறுதியான வேலை.

தேய்த்த மூட்டில் பத்தாம் நாள் உப்புப் பூத்தது. கடல்நீர்க் கசிவு சொட்டாக வருவதில்லை; கண்ணுக்குத் தெரியாமல் ஊறி, காற்றில் உலர்ந்து, காலிஃபிளவர் போல வெள்ளையாகப் பொங்கி நிற்கும். துடைத்தால் நான்கு நாளில் மறுபடியும் நிற்கும். அது உதிர்ந்து விழுந்த இடத்தில் அலமாரியின் கீல் துருப்பிடித்தது, பம்பின் அடாப்டருக்கும் ஒரு விரற்கடை தூரம்தான் மிச்சம்.

இதற்கு விடை மீன் கடையிலும் கிடைக்கவில்லை, பிளம்பிங் கடையிலும் கிடைக்கவில்லை. மார்த்தாண்டத்தில் வாழைத் தோட்டக்காரர்களுக்குச் சொட்டுநீர்ச் சாமான் விற்கும் ஒரு கடையில் கிடைத்தது. விவசாயக் குழாய்கள் 20, 25, 32, 40 என்று மில்லிமீட்டர் கணக்கிலேயே வருகின்றன. 32 குழாயை யூனியனில் வைத்து அழுத்தியபோது, பசை போடாமலேயே பாதி தூரம் சென்று இறுக்கமாக நின்றது. ஏத்தன் வாழைக்கு நீர் பாய்ச்சும் குழாயில் இன்று என் பவளங்களுக்குத் தண்ணீர் ஏறுகிறது என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சி, பம்பின் விலையைக் கேட்டால் மட்டுமே குறைகிறது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை செய்தேன், செய்யாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். பழைய பம்பை வினிகரில் ஊறவைத்து, தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்தில் படிந்திருந்த சுண்ணாம்பை நீக்கி, புதிய குழாயில் பொருத்தினேன். வாளி 42 விநாடியில் நிரம்பியது. குழாயின் விட்டம் இரட்டித்தால் அதே நீரோட்டத்துக்கு உராய்வு ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்காகிவிடும் என்று படித்திருந்தும், ஐந்து எல்போக்களோடு இருந்த குறுகிய குழாயை விட்டுவிட்டுப் பம்பைக் குற்றம் சொன்னவன் நான்தான்.

இருந்தாலும் புதிய பம்புக்கு உரிய நியாயத்தைச் சொல்ல வேண்டும். பழையதன் உறுமல் படுக்கையறை வரை கேட்கும். இது ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 85 வாட் இழுத்த இடத்தில் நான் வைத்திருக்கும் வேகத்தில் 40 வாட் இழுப்பதால், இரண்டு மாத மின்கட்டணத்தில் ஏறத்தாழ 65 யூனிட் குறைகிறது. தென்மேற்குப் பருவமழையில் மின்சாரம் போய்ப் போய் வரும் நாட்களில் இன்வெர்ட்டரும் கூடுதல் நேரம் தாங்குகிறது.

ஆனால் அந்த யூனியன்! குழாய்ப் பக்கம் சரியான பிறகும், பம்ப் பக்கத்தில் உள்ள நூல் போன்ற ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஆறு மாதத்துக்கு ஒருமுறை தட்டையாகி, மீண்டும் உப்புப் பூக்கிறது. அந்த ரிங் தனியாகக் கிடைக்காது, பம்பின் மேல்மூடியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் பைக் மெக்கானிக் ஒருவர் தம் டப்பாவிலிருந்து ஒன்றைத் தேடிப் பொருத்திக் கொடுத்தார், காசு கேட்கவில்லை. இன்றோடு எட்டு நாள். காலையில் எழுந்ததும் காப்பிக்கு முன்பு அந்த மூட்டை விரலால் தடவிப் பார்க்கிறேன், இதுவரை உலர்ந்தே இருக்கிறது.

நண்பருக்கு என் பதில் இதுதான்: பம்ப் வாங்க வேண்டாம், குழாயை மாற்றுங்கள். என் பழைய பம்ப் பரணில் சும்மாதான் கிடக்கிறது, தேவையென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம். புதியதைக் கேட்டால் மட்டும் தர மாட்டேன்.