கே1000-ஆ, ஏஈ-1-ஆ? கொழும்பில் ஒரு பில்ம் கமரா வாங்குமுன்

பழைய பில்ம் கமரா தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்: பென்டாக்ஸ் கே1000, கெனன் ஏஈ-1. இரண்டும் 1976இல் வெளிவந்தவை.

ஏஈ-1 கையாள லேசு. ஷட்டர் வேகத்தை நீங்கள் வைத்தால் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் 6 வோல்ட் பற்றரி தீர்ந்தால் ஷட்டர் அசையவே அசையாது. வாங்குமுன் காதருகே வைத்து ஒருமுறை அழுத்துங்கள். 'கீச்' என்று கேட்டால் உள்ளே எண்ணெய் வற்றிவிட்டது; திருத்தச் செலவையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

கே1000இல் பற்றரி ஒளிமானிக்கு மட்டும்தான். அது செத்தாலும் படம் எடுக்கலாம். மானியை நிறுத்த சுவிட்ச் இல்லை, அதனால் பற்றரி வீணாகத் தீராமல் இருக்க லென்ஸ் மூடியைப் போட்டே வையுங்கள். பற்றரி தேடி அலையப் பொறுமை இல்லாத எனக்கு இதுதான் சரி.

வெள்ளவத்தை மாதிரிக் கடலோரத்தில் இரண்டுக்கும் எதிரி பூஞ்சணம். லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல நூல் ஓடினால், எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். தோல் உறையோடு அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுக மூடும் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். அப்புறம், பின்கதவு ஓரத்துப் பஞ்சு விரலில் பிசுபிசுவென ஒட்டினால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பில்மில் வெளிச்சம் கசியும்.