யானை பாஸ், ஒட்டகச்சிவிங்கிக்கு மறுதேர்வு

குழந்தைகள் வெட்டி ஒட்டிச் செய்யும் இந்தக் கைவினைப் பெட்டியில் ஆறு காகித விலங்குகள். என் நாலு வயசுக்காரியும் ஆறு வயசு அண்ணனும் முதலில் எடுத்தது யானையை. இரண்டு நீளப் பட்டைகளின் முனைகளை எல் வடிவில் ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றி மடித்தால் தும்பிக்கை. சின்னவளுக்கு அந்த மடிப்பு பிடிபட்டதும் நிறுத்தவே இல்லை. இழுத்துவிட்டால் ஸ்பிரிங் மாதிரி ஆடிய தும்பிக்கை, இரண்டே நாளில் பிய்ந்து பாம்பாகிவிட்டது. அதுவும் நல்ல விளையாட்டுதான்!

குறை என்றால் பசைதான். கூடவே தந்த வெள்ளைப் பசையில் ஈரம் அதிகம். மெல்லிய தாள் நெளிந்து, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து சாய்ந்துவிட்டது. "அப்பா, அதுக்குத் தூக்கம் வருது" என்றான் பெரியவன். இன்னொரு தாளில் கழுத்தை வெட்டி, நீளவாக்கில் ஒரு மடிப்பு போட்டு, பசைக்குச்சியால் ஒட்டியதும் நிமிர்ந்து நின்றது. செய்முறைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வெட்டும் கோடுகள் தடிமனாக இருப்பது நிம்மதி. பிளாஸ்டிக் உருட்டுக் கண்கள் மட்டும் ரொம்பப் பொடி. மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் தொண்டையில் சிக்கும். அவற்றை எடுத்து வைத்துவிட்டு ஸ்கெட்ச் பேனாவால் கண் வரையுங்கள். ஐந்துக்கு மூன்றரை.