எக்செல், எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ்: உயிரியல் படித்தவர் எதில் தொடங்கலாம்?

டேட்டாபேஸ் கற்க எதில் தொடங்கலாம் என்று கேட்டால், நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் மென்பொருளில் தொடங்குங்கள்.

எக்செல்லைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, அளவீடுகளைத் தட்டிப் போட அதைவிட வசதியானது கிடையாது. ஆனால் ஜீன் பெயர்களை அதை நம்பி விடாதீர்கள். செப்ட்2 (SEPT2) என்ற ஜீனின் பெயரை அடித்தால் செப்டம்பர் 2 ஆக்கிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் அதை செப்டின்2 என்று அறிவித்தது. ஒரு மென்பொருளுக்காக ஜீனே பெயரை மாற்றிக்கொண்டது! ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைக்கு மேல் ஏறவும் ஏறாது, ஒரே மனிதரின் மரபணுத் தொகுதியில் தெரியும் மாறுபாடுகளோ 40 லட்சத்துக்கு வந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய தலைவலி, அளவீட்டுக்கு ஒரு வரிசையாக ஒரே எலி 12 வரிசையில் வரும், பாலினம் ஓரிடத்தில் 'பெண்', இன்னோரிடத்தில் 'பெ'. டேட்டாபேஸில் எலிகளுக்கு ஒரு டேபிள், அளவீடுகளுக்கு ஒரு டேபிள். பாலினம் முதலாவதில் ஒரே ஒரு முறை, இரண்டாவதில் எலியின் எண் மட்டும், தேவைப்படும்போது அந்த எண்ணை வைத்து இரண்டு டேபிளையும் இணைக்கும் ஜாயின் கட்டளை போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். கற்க வேண்டியதில் முக்கால்வாசி இதுதான்.

இதைப் பழக எஸ்க்யூலைட் போதும். பைத்தானோடு கூடவே வருகிறது, மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். ஆனால் கண்டிப்பு குறைவு: எண் வர வேண்டிய இடத்தில் எழுத்தைப் போட்டாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும், ஃபாரின் கீ சோதனையையும் (அளவீட்டில் உள்ள எலி எண் எலிகள் டேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பது) டேட்டாபேஸோடு இணையும் ஒவ்வொரு முறையும் நாமே ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இல்லாத எலிக்கும் எடை பதிவாகும்.

சர்வரில் ஓடும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் இதையெல்லாம் விடாது. பல பேர் ஒரே நேரத்தில் எழுதுகிற ஆய்வகம் என்றால் அதுதான் சரி, எஸ்க்யூலைட்டில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஆனால் ஜாயின் என்றால் என்னவென்றே தெரியாதவர் சர்வர், பயனர், அனுமதி என்று மல்லுக்கட்டுவது வீண் வேலை.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு சர்வர் டேட்டாபேஸை நிறுவவே வேண்டாம். யூசிஎஸ்சி, என்செம்பிள் என்ற மரபணுத் தொகுதித் தளங்கள் இரண்டும் பொதுவில் திறந்து வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல் சர்வரில் நிஜத் தரவை வைத்தே கேள்வி கேட்டுப் பழகலாம். என்செம்பிளில் டேபிள்கள் சிலந்தி வலை மாதிரி, அதனால் முதலில் யூசிஎஸ்சி. ஒன்று மட்டும் கவனம்: அதன் டேபிள்களில் ஜீன் போன்றவற்றின் தொடக்க இடம் 0-விலிருந்து எண்ணப்படுகிறது, அவர்களுடைய ஜீனோம் பிரவுசர் திரையிலோ 1-லிருந்து. அப்படியே எடுத்து பிரைமர் (டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடக்கமாகும் சிறு துண்டு) வடிவமைத்தால் ஓர் எழுத்து தள்ளிப்போகும்.