மிரிஸ்ஸ திமிங்கிலப் படகுச் சவாரி: போகலாம், ஆனால் படகைப் பார்த்து ஏறுங்கள்

மிரிஸ்ஸ இருக்கும் இலங்கையின் தெற்கில் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிக் கடலுக்கடியில் நீளும் ஆழம் குறைந்த தரை, குறுகலாக இருப்பதால் ஆழ்கடல் கரைக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது, அதனால்தான் காலையில் கிளம்பி நீலத் திமிங்கிலத்தைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட முடிகிறது. நல்ல சீசன் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. நீலத் திமிங்கிலம் மூச்சு விட்டால் நீர்த்தூவி இரண்டு மாடி உயரத்துக்கு நேராக எழும்பும். அப்புறம் நீலம் கலந்த சாம்பல் முதுகு நகர்கிறது, நகர்கிறது, முடியவே மாட்டேன் என்கிறது, கடைசியில்தான் துளியூண்டு முதுகுத்துடுப்பு! தூவி இடப்பக்கமாகச் சாய்ந்து அடித்தால் அது ஸ்பெர்ம் திமிங்கிலம், அதற்கு மூச்சுத்துளை தலையின் முன்னால் இடது ஓரத்தில். வழிகாட்டி இதையெல்லாம் அழகாகச் சொன்னார். ஆனால் நாங்கள் போன படகு மற்றவற்றோடு போட்டி போட்டுக்கொண்டு திமிங்கிலத்தைத் துரத்தியது, எரிச்சலாக இருந்தது. எவ்வளவு தள்ளி நிறுத்துவீர்கள் என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். வாந்தி மாத்திரையைக் கரையிலேயே போட்டுவிடுங்கள்.